வரிசையில நிக்காத வீடு

கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி உக்காருங்க தங்கச்சி. கேரியரு சூடா இருக்கு, கால்ல பட்டுச்சுன்னா கொப்பளிச்சுரும். துண்டு சுத்தித்தான் வச்சிருக்கேன், அப்படியும் சூடு வெளிய வருது பாருங்க. வரட்டும். தஞ்சாவூரு போற வரைக்கும் சூடு இருக்கணும், அதுக்காகத்தான் இம்புட்டுத் துணி.

எம்புள்ளைக்குத்தான். மதிவாணன்னு பேரு, தஞ்சாவூருல செல்போன் ரிப்பேர் பண்ற கடையில இருக்கான். மாசம் ஒரு தடவ ஆக்கி எடுத்துக்கிட்டு வேதாரண்யத்துல பஸ் ஏறிருவேன். இன்னைக்கு சொரக்காயும் எறாலும் போட்டுக் குழம்பு. சின்னப் புள்ளையில இந்தக் குழம்புக்கு சட்டியையே வழிச்சு நக்குவான். ஆனா இப்ப சாப்பிட மாட்டான். நான் ஆக்குனத அவன் வாயில வச்சு வருசக்கணக்குல ஆவுது. கஜாப் புயல் அடிச்சுச்சுல்ல, அதுலேருந்து. இன்னைக்காவது சாப்பிடுவானான்னுதான் போய்க்கிட்டு இருக்கேன்.

நீங்க எந்த ஊரு? மன்னார்குடிப் பக்கமா. மன்னார்குடியில எந்தத் தெரு? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். தப்பா நெனக்காதீங்க, எங்க பக்கம் இப்படிக் கேட்டே பழகிப் போச்சு. சொல்லப் பிடிக்கலன்னா விடுங்க. நான் ஒண்ணும் சாதி பாக்குறவ இல்ல.

என் குழம்புக்கு என்ன கொறைன்னு நெனக்கிறீங்களா? ஒரு கொறையும் கெடையாது. எங்க வீட்டுக்காரரு இருக்குற வரைக்கும் ஆறுன சோறுன்னு ஒரு நாள் தின்னது கெடையாது. வைரக்கண்ணுன்னு பேரு அவருக்கு. சத்தம் போட்டுப் பேசாத மனுசன். எல போட்டு, சோத்துல ஆவி பறக்கணும், அப்பதான் உக்காருவாரு. அவரா கேட்டாரான்னா கேக்க மாட்டாரு. அவருக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான் போட்டேன். அப்புறம் அவருக்கு சர்க்கர வந்துச்சு. வந்த அன்னைக்கே டப்பாவுல இருந்த சீனி, வெல்லம் எல்லாத்தையும் தூக்கி என் கூடப்பொறந்தவ வீட்டுக்குக் குடுத்துட்டேன். அந்த மனுசன் பொங்கலன்னைக்குக் கூட வெண்பொங்கல்தான் தின்னாரு. அப்படிக் காபந்து பண்ணினேன்.

புயல் அடிச்சு முடிச்சு விடிஞ்சு பாத்தா எங்க ஊரையே காணும். தென்னம்புள்ள ஒண்ணு நிக்கல. எங்க தோப்புல ஒரே தெசையாப் படுத்துக் கெடந்துச்சு எல்லாம். வீடு மொட்டமாடி, அது நின்னுச்சு. பின்னாடி அடுப்படிக்குப் போட்டிருந்த தகரம் பறந்து, எங்க போய் விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கரண்டு இல்ல, தண்ணி இல்ல, ரோட்டுல எல்லாம் மரம். கேஸ் தீர்ந்து போச்சு, வண்டி வர வழியில்ல.

ஊருல இருக்குற சனம் பூரா பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு. அங்க பெரிய பெரிய அண்டாவுல பொங்கிப் போட்டாங்க. எங்கேருந்தோ லாரி கட்டி அரிசி, பருப்பு வந்துச்சு, மரத்த வெட்டி வெட்டி வழி பண்ணித் தலையில தூக்கிக்கிட்டு வந்தாங்க. நல்ல காரியம், நான் கொற சொல்லல. ஆக்குனது யாருன்னா தையல்நாயகி. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குறவ. அந்தத் தெரு. அவளும் அவங்க தெருப் பொம்பளைங்களும்தான் ஆக்குனாங்க.

தையல்நாயகி நல்லவதான். எங்க வயலுக்கு நடவுக்கு வர்றவ. வெயில்ல கொல்லப்பக்கம் வந்து நின்னா நானே சொம்பு எடுத்துட்டுப் போய்க் கையில தண்ணி ஊத்துவேன், வயிறு நெறையக் குடிப்பா. மொகம் சுளிச்சது கெடையாது. ஆனா வரிசையில உக்காந்து அவ போடுற சோத்த வாங்கித் திங்குறது வேற இல்லையா? எங்க பங்காளி வீட்டுலேருந்தே போனாங்க. மூணு தலைமொறையா எங்க வீட்டுக் கலியாணத்துல மொதப் பந்தியில உக்காருற ஆளுங்க, தட்ட ஏந்திக்கிட்டு நின்னாங்க. வந்து எங்கிட்டயே சொல்றாங்க, சாம்பாரு நல்லாருக்கு, நீயும் வான்னு. நான் சொன்னேன், "எங்க வீட்டுல ஆம்பள இருக்காரு, அரிசி இருக்கு, அடுப்பு இருக்கு. நாங்க எதுக்கு வரணும்?"

சொன்னபடிக்கு நின்னேன் தங்கச்சி. நனையாம காப்பாத்துன அரிசி ஒரு மூட்ட இருந்துச்சு. விழுந்து கெடந்த முருங்க மரத்துல கீர உருவுனேன். கீழ கெடந்த தேங்காய வாரிக்கிட்டேன். வெறகுதான் இல்ல. தென்ன மட்ட அம்புட்டும் ஈரம், பொகையுமே தவிர எரியாது. கண்ணு ரெண்டும் கோவப்பழமாப் போச்சு எனக்கு. பழைய நாக்காலிய ஒடச்சேன். கட்டில் காலு ஒடச்சேன். ஒரு வேள சோறு ஆக்க காலையில உக்காந்தா மத்தியானம் தாண்டிரும். தாண்டுனா என்ன, எல போட்டு, ஆவி பறக்கப் போட்டேன்ல. ஊரே தட்டத் தூக்கிக்கிட்டு அலைஞ்சப்ப எங்க வீட்டுல எல போட்டுச் சாப்பிட்டோம். அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.

மதி அப்ப காலேஜு ரெண்டாவது வருசம். புயலுக்கு லீவு விட்டாங்கன்னு ஊருலதான் இருந்தான். பொழுதன்னைக்கும் பள்ளிக்கூடத்துலதான் கெடப்பான், அண்டா தூக்குறது, பந்தி போடுறதுன்னு. தையலக்கா, தையலக்கான்னு அவ பின்னாடியே திரிவான். அவங்க அப்பாகிட்ட வந்து சொல்லுவான், "அம்மா கெடந்து பொகையில சாவுது, நீயாவது சொல்லேம்ப்பா. அங்க பதினோரு மணிக்கெல்லாம் சோறு ரெடியாயிருதுப்பா." அவரு என் மூஞ்சியப் பாப்பாரு. பாத்துட்டு, "இருக்கட்டும்டா. ஒங்கம்மா ஆக்கட்டும்" அப்படிம்பாரு. அவ்வளவு மதிப்பு என் கைக்கு.

புயல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும், அன்னைக்குக் காலையில அவரு வழக்கம்போல வெறும் வயித்துல சர்க்கர மாத்திர போட்டாரு. போட்டு அரை மணி நேரத்துல சாப்பிடணும்னு ஆசுபத்திரியில சொல்லித்தான் இருந்தாங்க. புயல் நேரத்துல அதெல்லாம் பாக்க முடியுங்களா? முன்னப் பின்ன ஆகத்தான் செய்யும். பாலு, சீனி ரெண்டும் இல்லாத டீ ஒரு டம்ளரு குடிச்சுட்டுக் கோடாலிய எடுத்துக்கிட்டுப் போனாரு. வாசல் பாதையில ஒரு பூவரசு விழுந்து கெடந்துச்சு. அதோட நடுக்கட்ட வைரம் ஈரமில்லாம இருக்கும், கொஞ்சம் வெட்டிக் கொண்டாங்கன்னு நான்தான் சொன்னேன். முந்துன நாள் ராத்திரி வேற மழ. நான் ஊதுறேன், ஊதுறேன், அடுப்பு புடிக்கல.

ரொம்ப நேரம் கழிச்சுக் கட்டையத் தூக்கிக்கிட்டு வந்தாரு. வந்து செவுத்துல சாஞ்சு உக்காந்தாரு. கார்த்திக மாசக் குளிரு, அவருக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. கை நடுங்குது. மரம் வெட்டுன கை, நடுங்கத்தானே செய்யும்னு நெனச்சேன். "பசிக்குதுடி"ன்னாரு. "ஒல வச்சுட்டேன், இந்தா கொதிக்கப் போவுது"ன்னேன்.

அப்பதான் மதி வந்தான். கையில ஒரு தூக்கு, மேல வாழ எல போட்டு மூடி. யாரோ வெல்லம் கொண்டாந்து குடுத்தாங்களாம், பள்ளிக்கூடத்துல சர்க்கரப் பொங்கல். எலைய எடுத்தவொடனே நெய் வாசம் வாசல் வரைக்கும் அடிக்குது. எங்க வீட்டுக்காரரு அதப் பாத்தாரு. பாத்துக் கைய நீட்டுனாரு தங்கச்சி. சின்னப் புள்ள மாதிரி ரெண்டு கையையும் நீட்டுனாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரப் பொங்கலாடா கொண்டாருவ? ஒனக்கு மூள இருக்கா?"ன்னேன். அவன், "அம்மா, அப்பா கைய பாரும்மா, எப்படி ஆடுது. ஒரு வாய் சாப்பிடட்டும்மா"ன்னான். "யாரு ஆக்குனத யாருக்குக் குடுக்குற? இம்புட்டு நாளு காப்பாத்துனத ஒரு வாயில கெடுக்கப் பாக்குறியா?" அப்படின்னு தூக்கப் புடுங்கிட்டுப் போய்க் கொல்லையில மாட்டுக்கு வச்சேன். மாடு நல்லா நக்கித் தின்னுச்சு.

மதி காலித் தூக்க எடுத்துக்கிட்டுத் திரும்ப பள்ளிக்கூடத்துக்கே போயிட்டான், பந்திக்கு ஆள் வேணும்னு. எங்க வீட்டுக்காரருதான் கத்துனாரு. என் வாழ்க்கையில மொதத் தடவையா என்னய "ஏய்"னு கூப்புட்டாரு. அப்புறம் என்னென்னமோ பேசுனாரு, மாட்டக் கட்டிட்டியா, கதவத் தொறந்தது யாருன்னு. அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்ல. பசியில கோவம் போலன்னு நெனச்சேன். அப்புறம் அப்படியே பாயில சாஞ்சு படுத்துட்டாரு. களைச்சுப் போயிட்டாரு, தூங்கட்டும், சோறு ஆனதும் எழுப்பலாம்னு போர்வைய இழுத்துப் போத்திவிட்டேன்.

அவரு வெட்டுன கட்ட நல்லா எரிஞ்சுச்சு. அன்னைக்குத்தான் சோறு பூவாட்டம் வந்துச்சு. முருங்கக் கீரைய வதக்கி, புளிக்குழம்பு வச்சு, எலையத் தொடச்சுப் போட்டு, தண்ணி தெளிச்சு, சோத்தப் போட்டு, குழம்ப ஊத்திட்டுத்தான் எழுப்பப் போனேன். ஆறிடக் கூடாதுன்னு ஓடுறேன். போர்வைய எடுத்தா ஒடம்பு பூரா குளிச்ச மாதிரி நனைஞ்சு கெடக்கு. கொரட்ட ஒரு மாதிரி வருது. எழுப்புறேன், எந்திரிக்கல. கன்னத்துல தட்டுறேன். "சோறு போட்டுட்டேங்க, சூடா இருக்கு, எந்திரிங்க"ங்கிறேன். எந்திரிக்கல தங்கச்சி.

இருங்க, மொகத்தத் தொடச்சுக்கிறேன்.

காலு ஒடச்ச அந்தக் கட்டில்லயே கயிறு கட்டித் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. மரத்த ஏறி ஏறித் தாண்டணும். தூக்குன ஆளுல தையல்நாயகி புருசனும் அவங்க தெருப் பசங்களும் இருந்தாங்க. அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. உசுரு போற நேரத்துல அதெல்லாம் பாப்பாங்களா? மெயின் ரோட்டுல வண்டி புடிச்சு ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது இருட்டிருச்சு. மறுநாளு காலையில முடிஞ்சு போச்சு.

டாக்டரு சின்னப் பையன். சர்க்கர சுத்தமா எறங்கிப் போச்சும்மாங்கிறாரு. கடைசியா எப்ப சாப்பிட்டாருங்கிறாரு. வேர்த்து நடுங்குறப்ப ஏதாவது இனிப்பா ஒரு வாய் குடுத்திருந்தா போதுமேம்மாங்கிறாரு. நீங்களே சொல்லுங்க. சர்க்கரைய ஏத்தாத, ஏத்தாதன்னு சொன்னவங்களும் டாக்டருங்கதான். எறங்கிப் போச்சுன்னு சொல்றவங்களும் அவங்கதான். நான் யாரு பேச்சக் கேக்குறது? எறங்குனா நல்லதுன்னுதானே நான் நெனச்சேன்?

மதி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான். அவன் என்னயத் திட்டல. திட்டியிருக்கலாம். என்னய ஒரு பார்வ பாத்தான், அவ்வளவுதான்.

சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, தெரியும்ல. சொந்தக்காரங்கதான் ஆக்கிக் கொண்டாரணும். யாரு வர்றது? ரோடு இல்ல, எங்க அண்ணன் வீடு கோடியக்கரையில, அவங்களுக்கே கூர இல்ல. எங்க வீட்டுக்குள்ள வந்தா அன்னைக்குப் போட்ட எல அப்படியே கெடக்கு, எறும்பு மொச்சுக்கிட்டு. நான் அதுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். கொள்ளி வச்சுட்டு, தல முழுகிட்டு, ஈர வேட்டியோட எம்புள்ள வருவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வரல. ஆள விட்டுப் பாக்கச் சொன்னா, நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டானாம். மொட்டத் தலையோட வரிசையில உக்காந்து தையல்நாயகி போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு இருக்கானாம். ஊரு சனம் பூரா பாக்குது. அப்பன எரிச்ச கையோட. என்னய எந்த எடத்துல வச்சுட்டான் பாருங்க அவன். அத என்னால இன்னும் தாங்க முடியல.

அதுலேருந்து என் கைச் சோறு தின்னது இல்ல. காலேஜ விட்டான், தஞ்சாவூருக்குப் போனான். மரியாத கொறைக்க மாட்டான் தங்கச்சி. நான் போனா பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பான், டீ வாங்கிக் குடுப்பான், முட்டி வலி எப்படிம்மா இருக்குன்னு கேப்பான். கேரியர வாங்கிக்குவான். மறுதடவ போறப்ப பளபளன்னு கழுவிக் குடுப்பான். நான் சந்தோசமா வாங்கிக்கிட்டு வருவேன். சாப்பிட்டுட்டான், கோவம் போயிருச்சுன்னு ஊருல எல்லாருகிட்டயும் சொன்னேன். அப்புறம் ஒரு நாளு அவனோட ரூம்ல இருக்குற பையன், பாவம், வெகுளி, "அம்மா, உங்க கருவாட்டுக் குழம்புக்கு நாங்க அடிமை. மதிதான் ஒரு வாய் தொட மாட்டான், ஏன்னே தெரியல" அப்படின்னுட்டான். பஸ்ஸுல அழுதுக்கிட்டே ஊருக்கு வந்தேன். ஆனாலும் ஆக்குறத நிறுத்தல.

போன மாசம் நேராவே கேட்டுட்டேன். "நான் என்னடா பண்ணனும்? ஒங்கால்ல விழணுமா?" அவன் டீ கிளாஸ வச்சுட்டு ரொம்ப நிதானமாச் சொன்னான், "தையலக்கா வீட்டுல ஒரு வேள போய்ச் சாப்பிட்டுட்டு வாம்மா. நீ சாப்பிட்டேன்னு தெரிஞ்சா நானும் சாப்பிடுறேன்."

ஒரு மாசம் யோசிச்சேன். நேத்து மத்தியானம் போனேன். எங்க தெருக்காரங்க கண்ணுல படாம வாய்க்கா வழியாப் போனேன். அவளுக்கு மதி முன்னாடியே போன்ல சொல்லி வச்சிருக்கான், வாரா வாரம் அவகிட்டப் பேசுவான். "வாங்கம்மா"ன்னு உள்ள கூட்டிக்கிட்டுப் போய் உக்கார வச்சா. புதுத் தட்டு வாங்கியிருக்கா. கடைக்காரன் ஒட்டுன ஸ்டிக்கரு கூட பாதி பிய்யாம இருந்துச்சு. சோறு, மொச்சக்கொட்ட போட்டுக் கருவாட்டுக் குழம்பு. எங்க வீட்டுல வைக்கிற அதே குழம்பு, அதே வாசம். எனக்கு அதுதான் ஆச்சரியமா இருந்துச்சு. சோத்துல ஆவி பறந்துச்சு.

பெசஞ்சேன். உருட்டிக் கையில எடுத்தேன். வாய்க்கிட்டக் கொண்டு போயிட்டேன். போவல தங்கச்சி. அருவருப்புன்னு நெனக்காதீங்க, சத்தியமா அது இல்ல. இத இப்ப நான் தின்னுட்டா, அன்னைக்கு அவரு எதுக்குத் திங்காமப் போனாருன்னு ஆயிரும்ல? இவ்வளவுதான் விசயம்னா, ஒரு உருண்டைய வாயில போட்டுக்கிறதுதான்னா, அந்த மனுசன் ரெண்டு கையையும் நீட்டுனாரே, அதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கை அப்படியே நின்னு போச்சு. குழம்பு மணிக்கட்டு வழியா வழியுது.

தையல்நாயகி என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா. "சரி விடுங்கம்மா. கையக் கழுவுங்க"ன்னு தண்ணிய எடுத்தா. என் கையில ஊத்துனா. ஊத்திக்கிட்டே சொல்றா, "தம்பி கேட்டா நீங்க சாப்பிட்டீங்கன்னு நான் சொல்லிர்றேன். நல்லா சாப்பிட்டாங்கன்னே சொல்றேன். புள்ள பாவம், அம்மா கைச் சோறு இல்லாம எத்தன நாளைக்கு இருக்கும்?" நான் கேக்கவே இல்ல பாத்துக்குங்க. அவளாத்தான் சொன்னா. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. இவ யாரு எனக்காகப் பொய் சொல்றதுக்கு? ஆனா வேணாம்னு சொல்ல வாய் வரல.

வெளிய வந்து வேலிப் படலச் சாத்துறப்ப திரும்பிப் பாத்தேன். அந்தப் புதுத் தட்ட மடியில வச்சுக்கிட்டு, நான் பெசஞ்சு போட்ட சோத்த அவ உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தா. என் கை பட்ட சோறு தங்கச்சி. நான் வாயில வைக்க முடியாத அதே உருண்டைய எடுத்து வாயில போட்டா. நான் பாக்குறேன்னு அவளுக்குத் தெரியாது.

ராத்திரி பூரா தூங்கல. காலையில போன் வந்துச்சு அவன்கிட்டேருந்து. "அம்மா, தையலக்கா சொன்னுச்சு. எடுத்துட்டு வாம்மா, சேந்து சாப்பிடலாம்." அம்மான்னு அவன் கூப்புட்ட அந்தக் கொரலு, நான் கேட்டு எத்தன வருசமாச்சு. அழுதுக்கிட்டே சொரக்கா நறுக்குனேன்.

இப்ப என்ன கொடையுதுன்னா, நான் கண்ணால பாத்தத அவன்கிட்ட சொல்லணும்போல இருக்கு. யாருகிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிரும், அதான் ஒங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா அவன்கிட்ட சொன்னா நான் சாப்பிடலன்னு தெரிஞ்சுரும். தெரிஞ்சா இந்தக் கேரியரத் தொறக்கவே மாட்டான். சொல்லவா, வேணாமா? தலைய ஆட்டுறீங்க, சொல்லுங்குறீங்களா வேணாங்குறீங்களான்னு ஒண்ணும் வெளங்கல.

புது பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தா நிக்கிறான் பாருங்க, நீலச் சட்ட. எளச்சுப் போயிட்டான். கையில வாழ எல வச்சிருக்கான் போலருக்கு. ரெண்டு எல. கொஞ்சம் இதப் புடிங்க, நான் எந்திரிச்சுக்குறேன். ஆங், குடுங்க, இன்னும் சூடாத்தான் இருக்கு. சொல்லிர்றேன் தங்கச்சி, எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்லிர்றேன். மொதல்ல அவன் சாப்பிடட்டும்.